மிளகுக் கொடிக்குக் கிடைக்காத புள்ளி

இலங்கையில் போர் நடந்து, சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் எங்கும் போக வேண்டியிருந்த வருடங்கள் அவை. மாத்தளையில் ஒரு பாடசாலையில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சிக்கு மூன்று நடுவர்களில் ஒருத்தியாகப் போயிருந்தேன். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

பலாபத்வலைப் பக்கத்துப் பெருந்தோட்டப் பாடசாலையிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மிளகுக் கன்றுகளோடு வந்திருந்தாள். கொடித்துண்டை இளநீரில் ஊறவைத்து நட்டால் சீக்கிரம் வேர்விடும் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்களாம். உண்மையா என்று பார்க்க, பாதித் துண்டுகளை இளநீரிலும் பாதியை வெறும் தண்ணீரிலும் ஊறவைத்து நட்டிருக்கிறாள். ஒரே மண், ஒரே நிழல். வாரம் இதில் ஒன்று, அதில் ஒன்று என ஒரு சோடியைத் தோண்டி, வேரை அளந்து கொப்பியில் எழுதியிருக்கிறாள்.

மீதிக் கன்றுகளில் சில சாய்ந்து கிடந்தன.

"செக்கிங்ல மண் பைக்குள்ள கம்பிய விட்டுக் கிண்டிப் பாத்தாங்க டீச்சர்," என்றாள்.

தலைமை நடுவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். "சரி, என்ன கண்டுபிடிச்ச?" என்றார்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைங்க சேர்."

"அப்ப ஒண்ணும் கண்டுபிடிக்கல," என்று அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

மூன்றாவது நடுவர் நல்ல மனிதர். அவர் குனிந்து, அன்பாகவே சொன்னார்: "அடுத்த தடவ இளநீர்ல கொஞ்சம் கூட வளந்துச்சுன்னு போட்டுரும்மா. பரிசு கெடைக்கும்." அந்த அன்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மேசையில் நீர்மின் நிலைய மாதிரி. தண்ணீர் ஓடுவதற்கு முன்பே மின்குமிழ்கள் எரிந்தன. முதலிடம் அதற்குத்தான்.

புள்ளி போடும் அறையில் சண்டை பிடித்தேன். "சேர், அதுக்கு அடியில பெட்டரி இருக்கு. அந்தப் பிள்ள மட்டுந்தான் நெசமா பரிசோதனை செஞ்சிருக்கு."

"தெரியும் டீச்சர். பாக்க வர்றவங்களுக்கு வெளிச்சம் வேணும்ல," என்றார் அதிபர், பேனையை நீட்டியபடி.

நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு கையெழுத்தோடு முடிவை அறிவித்தார்கள்.

வெளியே வந்தபோது அவள் கன்றுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொப்பியில ஒரு எழுத்தையும் மாத்தாத," என்றேன்.

"மாத்த மாட்டேன் டீச்சர். அப்பறம் எதுக்கு அளந்தேன்?"

அடுத்த வருடம் என்னை நடுவராகக் கூப்பிடவில்லை. அவள் மறுபடி வந்தாளா என்று நானும் விசாரிக்கவில்லை. அவர்கள் மேலுள்ள கோபத்தில் கொஞ்சம் என் மேலும் இருக்கிறது.