முப்பது பாட்டில் நல்ல தண்ணீர்

ஆம்பூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். கேன் தண்ணீர். போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர் கழுவவும் துவைக்கவும் மட்டும்தான். அதிலும் சோப்பு நுரைக்காது. தோல் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் குடியிருந்தால் அப்படித்தான். வந்தவர்களுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுப்பது எங்கள் பெண்களுக்கு மானக்கேடு.

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காக நானும் என் தோழியும் ஓர் ஆய்வில் இறங்கினோம். தெருவின் முப்பது போர்களிலும் தண்ணீர் பிடித்து, பேனா மாதிரி இருக்கும் மீட்டரை விட்டு உப்பை அளக்க வேண்டும். பரிசெல்லாம் எனக்குப் பெரிதில்லை. குடிநீர்க் குழாய் கேட்டு எங்கள் தெரு மனு கொடுத்திருந்தது. எங்கள் ஆய்வு அதற்கு வலு சேர்க்கும் என்று நினைத்தேன். ஷூ கம்பெனி ஷிப்டுக்கு ஓடும் முன் கேனைத் தூக்கி வரும் அம்மாவுக்கு வாசலில் ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் பிடிக்க வேண்டிய நாளில் எனக்குக் காய்ச்சல். தோழி தனியாக வந்தாள். அவள் வீட்டில் குழாய்த் தண்ணீர் வரும். எங்கள் தெருவின் பழக்கம் அவளுக்குத் தெரியாது. மறுநாள் அளந்த எண்களைப் போனில் அனுப்பினாள். எல்லாமே குறைவு. எங்கள் வீட்டு போரும் குறைவு! அம்மாவிடம் கேட்டேன்.

"வெயில்ல பாட்டில நீட்டிக்கினு தண்ணி வேணும்னு நின்னுச்சு. படிக்கிற பொண்ணுக்கு உப்புத் தண்ணியா குடுப்பாங்க? கேன்ல இருந்துதான் ஊத்தினேன்."

தெருவே அப்படித்தான் ஊற்றியிருந்தது. காய்ச்சலோடு வயிறு வலிக்கச் சிரித்தேன். போனில் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

"இன்னாடி இது பேஜாரு! நானே சயின்ஸ் சார்கிட்ட சொல்லிட்றேன். ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் போயி பம்ப்புலயே புடிக்கலாம்."

நம்பினேன். மடச்சி, அப்படியே நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. காய்ச்சல் விட்டுப் பள்ளிக்குப் போனால் சுவரில் சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது: 'நல்ல மழையால் தேறிய நிலத்தடி நீர்'. கீழே எங்கள் இருவர் பெயரும். நான் படுத்திருந்தபோதே வேலூர்க் கண்காட்சியில் அதைக் காட்டிப் பரிசும் வாங்கியிருந்தாள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம். அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"சார் அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு, சொல்ல வாயே வரலடி. இப்ப சொன்னா நம்ம ரெண்டு பேரு மானமும் போய்டும்."

"ரெண்டு பேரா? என்னை எதுக்குடி இழுக்கிற?"

நானே சாரிடம் சொன்னேன். அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம் என்று அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டார். ஆக, அவருக்கும் உண்மை வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் மனு என்ன ஆயிற்று என்று கேட்க நகராட்சிக்குப் போன பெண்களிடம் அந்தப் பத்திரிகையையே எடுத்துப் போட்டார்களாம். "உங்க தெரு பொண்ணே தண்ணி தேறிடுச்சுன்னு சொல்லிக்கீது, இன்னும் இன்னா?" போனவர்களில் அம்மாவும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சில நாள் கழித்து தோழி வீட்டுக்கு வந்தாள். "கோவமா?" என்றாள். நான் பின்பக்கம் போய், பம்பைப் போட்டு, ஒரு டம்ளர் போர் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. என்னைப் பார்க்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள். குடிடி, நல்லா குடி, தேறிப்போன தண்ணிதானே என்று கத்தத் தோன்றியது.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். டம்ளரை எடுத்து முகர்ந்தாள். "வீட்டுக்கு வந்த புள்ளைக்கு இதையா குடுப்ப? அறிவில்ல?" என்று என்னைத்தான் திட்டினாள். தண்ணீரை வாசலில் கொட்டினாள். அன்று காலை தூக்கி வந்த கேனைச் சாய்த்து டம்ளரை நிரப்பி அவளிடம் கொடுத்தாள்.

அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.