ஃபுக்சா வலது பக்கம் பழகிய கோடை

வெண்டெலீன் ஸ்கோபலுக்கு எங்கள் ஊரில் எதிரி என்று ஒருவரும் கிடையாது. எதிரியைச் சம்பாதிக்கக் கொஞ்சமாவது வாயைத் திறக்க வேண்டுமே! பீர் ஆலையிலிருந்து பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்து ஊரிலுள்ள விடுதிகளில் இறக்குவது அவன் வேலை. என் விடுதிக்கும் அவன்தான் வருவான். மனைவி இறந்தபின் வீட்டில் அவனுக்கு யாரும் இல்லை. பேச்செல்லாம் ஃபுக்சாவோடுதான். ஃபுக்சா அவனுடைய செந்நிறப் பெண்குதிரை. வண்டி ஆலையுடையது, குதிரை அவன் சொந்தம்.

பாதி வழியில் அவன் வண்டியிலேயே தூங்கிவிடுவான். ஃபுக்சா தெருவின் இடது ஓரமாக நடந்து, ஒவ்வொரு விடுதி வாசலிலும் தானாக நிற்கும். எங்கள் நாட்டில் அப்போது எல்லா வண்டிகளும் இடது பக்கம்தான். வலது பக்கத்துக்கு மாறப்போகிறோம் என்று அரசாங்கமும் பல வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நாங்கள் ஹானாச் சமவெளிக்காரர்கள், எங்களுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

பெர்லினில் இருந்த ஜெர்மன் தலைவருக்கு அவசரம் இருந்தது. முதலில் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டார். அதே வருடம் எங்கள் எல்லை மலைகளைக் கேட்டார். இதோடு சரி, இதற்குமேல் எதுவும் வேண்டாம் என்றார். பெரிய நாடுகள் கூடிப் பேசி, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்தன. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சொந்த நாட்டில் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை, வெளியிலும் ஆளில்லை என்றால் அந்தப் பசி எங்கே அடங்கும்? அடுத்த வருடம் மார்ச் மாதம், பனி கொட்டிய ஒரு காலையில், அவருடைய படை எங்கள் சந்தைத் திடலிலேயே வந்து நின்றது. சில நாளில் உத்தரவு வந்தது. இனி எல்லோரும் வலது பக்கம்.

மனிதர்கள் மாறிக்கொண்டார்கள். ஃபுக்சா மாறவில்லை. ஒரு நாள் இராணுவ லாரிக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டது. ஸ்கோபலைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், இன்னொரு தடவை இப்படி நடந்தால் குதிரையைப் பறித்துக்கொள்வோம் என்று மிரட்டி அனுப்பினார்கள். அங்கிருந்து அவன் நேராக என் விடுதிக்கு வந்தான்.

"நான் வேணும்னே செய்யுறேன்னு நெனைக்கிறாங்க அக்கா."

இன்னொரு பீர் வண்டிக்காரனான மெதோடேய் மூலையில் உட்கார்ந்திருந்தான். சரியான வாயாடி.

"ஊர்லயே ரோஷம் உள்ளது உன் குதிரையும் என் கெழட்டுக் குதிரையும்தான்டா! நான் எறங்கிக் கடிவாளத்தப் புடிச்சு இழுத்துட்டுப் போறேன். அவனுங்களுக்காக அதுக்குப் பாடமெல்லாம் எடுக்க மாட்டேன்."

"உன் குதிரை போனா வீட்டுல பொண்டாட்டி இருக்கா, புள்ளைங்க இருக்கு. எனக்கு யாரு இருக்கா?" என்றான் ஸ்கோபல்.

மெதோடேய் தன் பீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அந்தக் கோடை முழுக்க ஸ்கோபல் ஃபுக்சாவைப் பழக்கினான். எங்கள் வண்டிக்காரர்கள் இடது பக்கம் திருப்ப 'செஹீ' என்பார்கள், வலது பக்கம் திருப்ப 'ஹொட்' என்பார்கள். செஹீ என்ற சொல்லையே அவன் அடியோடு விட்டுவிட்டான். எப்போதும் ஹொட்தான். திரும்பினால் ஒரு ரொட்டித் துண்டு. என் சமையலறையில் மீந்ததெல்லாம் ஃபுக்சாவின் வயிற்றுக்குத்தான் போனது. அறுவடை முடிவதற்குள் அது அழகாகப் பழகிவிட்டது. ஸ்கோபல் மறுபடியும் வண்டியில் தூங்க ஆரம்பித்தான். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில், குதிரைகளையெல்லாம் சந்தைத் திடலுக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். அடுத்தது போலந்து என்று எங்களுக்கெல்லாம் தெரியும். இவ்வளவு விழுங்கியும் அந்த மனிதருக்குப் போதவில்லை. பீரங்கி இழுக்கக் குதிரைகள் வேண்டியிருந்தன. சொல் கேட்கிற குதிரைகளாகப் பார்த்து எடுத்தார்கள்.

மெதோடேயின் குதிரை முறை முதலில் வந்தது. "ஹொட்!" என்றான் சிப்பாய். ஜெர்மன் வண்டிக்காரர்களுக்கும் அதே சொல்தான். கிழட்டுக் குதிரை இடது பக்கம் திரும்பி முட்டைக்கோஸ் கடைக்குள் புகுந்தது. கூட்டம் சிரித்தது. அதிகாரி எரிச்சலோடு, கொண்டுபோ என்று கையை வீசினார்.

அடுத்தது ஃபுக்சா.

"ஹொட்!"

திடலில் இருந்த அத்தனை பேருக்கும் அது என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டது. வாழ்நாளில் குரல் உயர்த்தாத ஸ்கோபல் கத்தினான்.

"செஹீ! ஃபுக்சா, செஹீ! என் தங்கமே, செஹீடி!"

ஃபுக்சா காதை அசைத்து ஒரு முறை அவனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வலது பக்கம் திரும்பி, ரொட்டிக்காகச் சிப்பாயின் கையை முகர்ந்தது. அதிகாரி அதன் கழுத்தில் தட்டிக்கொடுத்தார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை படை போலந்துக்குள் புகுந்தது. அதற்குப் பின் உலகமே எரிந்தது. ஃபுக்சாவைப் பற்றி எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

வானொலியில் போர்ச் செய்தி வந்த அன்று ஸ்கோபல் நடந்தே என் விடுதிக்கு வந்தான். நான் ஊற்றி வைத்த பீரை அவன் தொடவில்லை. தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, பைத்தியக்காரி மாதிரி, "நீ அவ்வளவு கத்தியும் அந்த நன்றிகெட்ட கழுதை கேக்கலையே," என்று உளறினேன்.

"அவளத் திட்டாதீங்க அக்கா. சொன்னாக் கேக்கணும்னு நான்தான் பழக்கினேன். யாரு சொன்னாக் கேக்கணும்னு சொல்லிக் குடுக்கல."