பன்னிரண்டு கேள்விகளும் மூன்றாம் மாடியும்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன கிளினிக்கில் எனக்கு வரவேற்பு மேசையில் வேலை. டோக்கன் கொடுப்பது, ஃபைல் எடுப்பது, சத்தம் போடுகிறவர்களை அதைவிடப் பெரிய சத்தம் போட்டு உட்கார வைப்பது. இந்த மூன்றாவது வேலைக்கு நான் பிறவியிலேயே தகுதி பெற்றவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் டாக்டரம்மா ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளை நிரப்ப வேண்டும். ஒரே பக்கம், பன்னிரண்டு கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, படி ஏற முடிகிறதா, மனசு சோர்ந்து போகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டங்கள். பொருந்துகிற கட்டத்தில் டிக் போட வேண்டியதுதான்.

"ரத்தத்துல என்ன இருக்குன்னு லேப் சொல்லிடும். அவங்க எப்படி இருக்காங்கன்னு அவங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

கூடவே ஒரு சட்டமும் போட்டார். பேஷன்ட்தான் எழுத வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்கிற கட்டத்தில் டிக் போடலாம். ஆனால் ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. கூட வந்தவர்கள் வாயே திறக்கக் கூடாது.

சட்டம் போடுவது சுலபம். நம் ஜனங்களிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சளியும் இருமலுமாக நின்றுகொண்டு "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். வாயால் கெட்டதைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர், ஒவ்வொரு கேள்விக்கும் "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டிலும் முதல் கட்டத்தில் டிக் போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்த கையோடு, தன் முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

"இதைத்தான் டீச்சர் அதுல எழுதணும்."

"ஐயோ, எழுத்துல போட்டா அது அப்படியே தங்கிடும்மா" என்று பதறினார்.

அவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, முழங்காலுக்கு ஒரு டிக் வாங்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டு விட்டது. உண்மையைச் சொல்கிறேன், முதல் சுற்றிலேயே எனக்கு மனசாரப் பதில் எழுதியவர் ஒரு ஆட்டோக்காரர்தான். "இன்னாக்கா இது, பரிச்ச பேப்பர் கணக்கா கீது? ஃபெயிலானா ஊசி போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்து, தூக்கம் வருவதில்லை, எரிச்சல் வருகிறது, குடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

கூட வருகிறவர்கள்தான் பெரிய பேஜார். அம்மாவைக் கூட்டிவந்த மகன் அம்மாவைக் கேட்காமலே தாளை வாங்கி, ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே மறு கையால் டிக் போடுவான். பக்கத்தில் அந்த அம்மா டோக்கனைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய உடம்பைப் பற்றி என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வருமோ. "தம்பி, உங்க அம்மா முழங்கால் உங்க காலா? குடுங்க இங்க" என்று பிடுங்கிவிடுவேன். இப்படி எத்தனை பேரிடம் பிடுங்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவர் டாக்டரம்மா, காவல் காத்தவள் நான்.

ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டுக்காரருடைய தாளை நான்தான் எழுதினேன்.

அவருக்கும் எங்கள் கிளினிக்கில்தான் சர்க்கரை வைத்தியம். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று என் அம்மா கல்யாணத்தின்போதே சான்றிதழ் கொடுத்தார். மாடம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் ஃபிளாட். லிஃப்டுக்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். அதில் இப்போது இரண்டு பழைய சைக்கிளும் ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரமும் நிற்கின்றன.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை நிறுத்தினார். கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால் "இன்னைக்கு அது இல்லாம செய்யேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் "போன்லயே ஆராதனை வருதே" என்பார். ரத்தம் எடுக்க லேப் பையனை வீட்டுக்கே வரச்சொல்லிவிட்டார். மாத்திரையை நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். நான் விடுவேனா? சோம்பேறி, பக்தி குறைஞ்சு போச்சு, சோபா தேயுது என்று தினம் ஒரு அர்ச்சனை. அவர் சிரித்துக்கொண்டே சேனலை மாற்றுவார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருடைய தாள் வரும். ஆளே வராதபோது தாளை என்ன செய்வது? டோக்கன் கூட்டம் குறைந்த நேரத்தில் மேசையிலேயே வைத்து நிரப்பிவிடுவேன். கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியாததா? தூக்கம் நன்று. பசி நன்று. நான்காவது கேள்வி: மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுக்குகிறதா? ஒருபோதும் இல்லை. படியே ஏறாத மனிதருக்கு எப்படி மூச்சு வாங்கும்? சத்தியமாக இப்படித்தான் நினைத்தேன். பன்னிரண்டாவது கேள்வி, மனதில் இருப்பதைச் சொன்னால் கேட்க உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா? எப்போதும். நான் இல்லையா பின்னே!

இரண்டு முறை இது ஓடிவிட்டது. மூன்றாவது முறை டாக்டரம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த டிக்குக்கு ஒரு வால் இருக்கு பாருங்க. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு நீங்க போட்டுத் தர்ற டிக்லயும் இதே வால் இருக்கு."

நான் பேசவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற விஷயம் அது.

"சாரைப் பார்த்து எத்தனை மாசமாச்சு? ஏன் வர்றதே இல்ல?"

"சோம்பேறித்தனம் டாக்டர்."

அவர் ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினார். "இதை அவர் கையில குடுங்க. குடுத்துட்டு நீங்க கிச்சனுக்குப் போயிடுங்க."

மத்தியானம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பொருமல். நான் என்ன கள்ளக் கையெழுத்தா போட்டேன், புருஷன் உடம்பு பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று. போன வேகத்தில் தாளையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தேன்.

"நீதானே எழுதுவ?" என்றார்.

"இனிமே நீங்களே எழுதணுமாம். எழுதுங்க."

சமையலறையில் நின்று பீன்ஸ் நறுக்கினேன். டிவி நின்றது. கண்ணாடிக் கூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பீன்ஸ் முடிந்து, கேரட்டும் முடிந்தது. பன்னிரண்டு டிக் போட இவ்வளவு நேரமா என்று வாய் துறுதுறுத்தது. அப்போதுதான் ஹாலிலிருந்து குரல் கொடுத்தார்.

"இந்தா, இந்தப் படி ஏறுறதுன்னு கேட்டிருக்கே. ஏறுனா எப்படி இருக்கும்னு எழுதணுமா? இல்ல, ஏறுறதே இல்லன்னு எழுதணுமா?"

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. வேறு எந்த பேஷன்ட் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ அதைத்தான் சொன்னேன். "விளக்கம் சொல்லக் கூடாது. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி எழுதுங்க."

அவர் எழுதி, தாளை இரண்டாக மடித்து மேசையில் வைத்தார். மடித்த தாளைப் பிரிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரித்தேன். நான்காவது கேள்விக்கு எதிரே, எப்போதும் என்கிற கட்டத்தில் டிக். ஓரத்தில் பென்சில் சீவியது போன்ற பொடி எழுத்தில், ஸ்டோரில் சரக்குக்குச் சீட்டு எழுதிய அதே கையெழுத்தில், ஒரு வரி: 'முதல் மாடியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இடது கையும் வலிக்கிறது.'

எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கடைசியாக வெளியே போய்த் திரும்பிய நாளில், முதல் மாடி வீட்டு வாசலில் இருந்த தொட்டிச் செடியை அவர் நின்று ரசித்தது. இரண்டாவது மாடியில் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தது. நான் மேலே நின்று "செடியைப் பாக்கறதுக்கா கூட்டிட்டு வந்தேன்?" என்று கத்தியது.

"ஏங்க சொல்லல? இவ்வளவு நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" இதையும் கத்தித்தான் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எங்க கேட்ட? 'நல்லாத்தானே இருக்கீங்க'ன்னு கேப்ப. அதுக்கு வேற என்ன பதில் சொல்றது?"

பன்னிரண்டாவது கேள்வியை அவர் காலியாக விட்டிருந்தார். விட்ட கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது சட்டம். எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், உடனே கூட்டிவரச் சொன்னார். அன்றைக்கு இரண்டாவது மாடிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு கூடவே வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து உட்கார வைத்துக் கீழே இறக்கினோம். கிளினிக்கில் ஈசிஜி எடுத்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்லவேளை, அட்டாக் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரியான நேரத்தில் கூட்டிவந்த மனைவி என்று அவர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று தாளில் பொய் எழுதி ஆறு மாதத்தை ஓட்டியவள் நான் என்று அவருக்குத் தெரியாது.

டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. "அழுதது போதும். வாசல்ல ஒரு பையன் அவங்க அம்மாவுக்கு எழுதிட்டு இருக்கான், போய்ப் பாருங்க" என்றார். போனேன். அந்தப் பையனிடம் தாளைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் கதையை முழுக்கச் சொன்னேன். அவனே பேனாவை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

அடுத்த மூன்று மாதம் என் வாழ்க்கையிலேயே கடினமான பாடம் படித்தேன். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. "தூக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வேன். முதலில் அவர் நான் எதற்கோ அடி போடுகிறேன் என்றுதான் நினைத்தார். பிறகு மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற முதல் வாரம் காலையில் சட்டை போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் நின்றதைச் சொன்னார். ஆபரேஷன் தியேட்டரில் ஏசி குளிரில் என் பழைய சால்வையை நினைத்ததைச் சொன்னார். இடையில் நான் இரண்டு தடவை குறுக்கே பேசிவிட்டேன். மூன்றாவது தடவை பேசவில்லை.

நடக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் வராண்டா, பிறகு தெரு, பிறகு சிவன் கோயில் மதில் வரைக்கும். தாள் எழுத வேண்டிய நாள் வந்தபோது அவரே இறங்கி, அவரே பஸ் ஏறி, கிளினிக்குக்கு வந்தார். எல்லோரையும் போல டோக்கன் கேட்டார். எல்லோருக்கும் கொடுப்பதைப் போலத் தாளைக் கொடுத்தேன். மூட்டு வலி டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எழுதினார்.

தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலைதான். நான்காவது கேள்வி, படி ஏறும்போது மூச்சு: சில சமயம். பன்னிரண்டாவது கேள்வி, மனதில் இருப்பதைச் சொன்னால் கேட்க யாராவது: இந்த முறை காலியாக இல்லை. அதிலும் சில சமயம் என்றே இருந்தது. எப்போதும் என்று நானே போட்டுக்கொண்ட டிக் நினைவுக்கு வந்தது. சில சமயம் என்பதை அப்படியே ஏற்றினேன். சந்தோஷமாக ஏற்றினேன்.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். முதல் மாடியில் தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். நானும் நின்றேன்.

"மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து, உள்ளே யாரிடமோ விசாரிக்கிற மாதிரி யோசித்தார். பதில் வருகிறவரைக்கும் நான் காத்திருந்தேன்.

"சுமாரா இருக்கு" என்றார். "ஒரு நிமிஷம் நின்னுட்டு ஏறலாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 'நல்லா இருக்கேன்' என்று முப்பது வருடமாகச் சொன்ன மனிதரிடமிருந்து முதல்முதலாக ஒரு 'சுமார்' கிடைத்திருக்கிறது. பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மீதிப் படிகளை ஏறினோம்.