புரட்டாசிச் சனிக்கிழமைக் கொடுவா

சென்ற மாதம் சிதம்பரத்தில் எங்கள் உறவில் ஒரு திருமணம். பந்தி முடிந்தபின் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, என் மாமாவின் மகன் ஒரு கதை சொன்னான். தேவனாம்பட்டினம் கரையில் நின்றபடி தன் தகப்பனார் தூண்டிலில் பிடித்த கொடுவா மீனின் கதை. மீனின் அளவைச் சரியாகவே சொன்னான். கரையையும் சரியாகச் சொன்னான். பிடித்தவரை மட்டும் மாற்றிவிட்டான். திருமண வீட்டில் வாக்குவாதம் செய்வது என் வழக்கமன்று, எழுந்து வந்துவிட்டேன். ஆயினும், கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருத்தி பிழையான செய்தியைத் திருத்தாமல் விடுவது முறையாகாது. அந்தக் கொடுவாவைப் பிடித்தவள் நான்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்காசிரியர். அவர் எதிரே வந்தால் சைக்கிளில் போகிற மாணவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த மரியாதையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வது அவருடைய இரண்டாவது உத்தியோகம். மத்தி வாங்கினால்கூடப் பைக்குள் வைத்து, மேலே முருங்கைக் கீரையைப் பரப்பி, கடைத்தெருவைத் தவிர்த்துக் குறுக்குச் சந்து வழியாகத்தான் கொண்டுவருவார். பள்ளியில் அவர் தரும் தண்டனையும் ஊரறிந்தது. அடிக்க மாட்டார். குற்றம் செய்தவனை வகுப்பு வகுப்பாக அழைத்துச் சென்று, அவன் செய்த காரியத்தை ஒவ்வொரு வகுப்பிலும் நிதானமாக அறிவிப்பார். பிரம்பே மேல் என்று பையன்கள் கெஞ்சுவார்களாம்.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணேறிவிடும். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் நாமமிட்டுக்கொண்டு, நாமமிட்ட சொம்பை ஏந்தி, ‘கோவிந்தா’ என்று வீடு வீடாகச் சென்று அரிசி வாங்கி வரவேண்டும். அந்த அரிசியில்தான் பெருமாளுக்குத் தளிகை. அந்தச் சனிக்கிழமை என்னை அழைத்துப் போகும் பொறுப்பு மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், ஒப்படைக்கப்பட்டது. படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த அவருக்கு உலகில் நிலையான பற்று ஒன்றின் மீதுதான் இருந்தது: தூண்டில். சொம்பு பாதி நிறைந்ததுமே அவருடைய கால்கள் கெடிலம் கடலில் கலக்கும் இடத்தை நோக்கித் திரும்பிவிட்டன.

“மாமா, இன்னிக்கி சனிக்கிழமை,” என்றேன்.

“புடிக்கத்தானே போறோம், துன்னவா போறோம்? புடிச்சிட்டு வுட்டுடலாம். பெருமாளுக்கு எல்லாம் தெரியும்.”

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் நெற்றிகளைப் பார்த்துச் சிரித்தார்கள். “என்னா மச்சான், மீனுகிட்டயும் கோவிந்தா போட்டு வாங்கலாம்னு வந்துட்டியா?” என்றார் ஒருவர். மாமா அதைப் பொருட்படுத்தாமல், ஒரு படகினடியில் பத்திரப்படுத்தியிருந்த தூண்டிலை எடுத்தார். கழி கிடையாது, நீளமான நைலான் நரம்பும் முள்ளும் ஓர் ஈயக்குண்டும்தான். உயிருள்ள மடவை மீன் குஞ்சு ஒன்றை முள்ளில் கோத்து வீசினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாமாவுக்குப் பீடி நினைவு வந்தது. என் எதிரில் பிடிக்க மாட்டார். அந்த அளவுக்குக் கண்ணியமானவர். நரம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் படகு மறைவுக்குக் கிளம்பினார்.

“சும்மா புடிச்சிக்கினு நில்லு. எதுனா இழுத்தா என்னக் கூப்புடு.”

இழுத்தது. நான் கூப்பிடவில்லை.

முதல் இழுப்பிலேயே முழங்கால் மணலில் மோதியது. நழுவிவிடுமோ என்ற பயத்தில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டேன். “சுத்தாத பாப்பா! கைய அறுத்துடும்! வுடு, ஓடட்டும்!” என்று கூடைக்காரி ஒருத்தி கத்தினாள். அவள் சொல்வதற்குள் அறுத்துவிட்டது. சுற்றைத் தளர்த்தி ஓடவிட்டேன். ஓட்டம் குறைந்தபோது பின்னோக்கி நடந்தேன். திடீரென அது நீரைவிட்டு எழும்பி, வாயைப் பிளந்து, தலையை இருபுறமும் உதறியது. வெள்ளியைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு வெள்ளியைப் பார்த்ததில்லை. உதவிக்கு ஓடிவந்த ஒருவர் நரம்பில் கை வைக்கப் போனார்.

“யாரும் தொடாதீங்க!” என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் குரல் பிற்காலத்தில் ஆய்வகத்தில்கூட எனக்கு வாய்த்ததில்லை. பாவாடை நனைந்து, நாமம் கரைந்து மூக்கில் வழிய, ஓர் அலை பின்வாங்கிய நேரத்தில் அதை ஈரமணல் மேல் இழுத்துப் போட்டேன். மிகைப்படுத்துவது என் இயல்பன்று. பின்னர் சைக்கிள் கைப்பிடியில் தொங்கியபோது அதன் வால் முன்சக்கரத்தின் அச்சைத் தொட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாமா ஓடிவந்தார். “அடியே, கொடுவாடி!” என்று குதித்தவர் அப்படியே உறைந்து நின்றார். சாலையில் அப்பாவின் சைக்கிள். தளிகைக்கு அரிசி வந்து சேராததால் எங்களைத் தேடி வந்திருந்தார்.

“நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்,” என்று கிசுகிசுத்துவிட்டு மாமா முன்னே போனார். அக்காவின் கணவரை அவரும் மாமா என்றே அழைப்பார். “நாந்தான் மாமா புடிச்சேன். பாப்பா சும்மா வேடிக்க பாத்துக்கினு இருந்துச்சு.”

என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. ஒப்புக்கொண்டால் தண்டனையிலிருந்து தப்பலாம். ஆனால் மீன் அவருடையதாகிவிடும்.

“இல்லப்பா. நாந்தான் புடிச்சேன். மாமா அங்க இல்லவே இல்ல.”

அப்பா மீனைப் பார்த்தார். வழிந்த நாமத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தம் கைக்குட்டையால் விரலைக் கட்டினார். பிறகு மீனின் செவுளில் கயிற்றைக் கோத்துச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார்.

“நீ சொம்ப எடுத்துக்கிட்டு சந்து வழியா வீட்டுக்குப் போ,” என்றார் மாமாவிடம். என்னைப் பார்த்து, “நீ வா,” என்றார்.

மீன் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. எதிர்வீட்டுக் கிறிஸ்தவ டீச்சரம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் குழம்பின் வாசனை தெருவைக் கடந்து வர, தலைக்குக் குளித்துவிட்டு, பிந்திய தளிகையை உண்டேன். நான் பிடித்த முதல் மீனின் ருசி இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் பிடித்தது நானல்ல என்று ஆகிவிடாது. எனக்காகச் சொன்ன பொய்யை மாமா நாளடைவில் தாமே நம்பத் தொடங்கினார். அவர் இருந்தவரை நான் மறுக்கவில்லை. மகனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வீடு திரும்பிய வழியைப் பற்றி மட்டும் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். சந்தின் முனை வந்தது. அதைக் கடந்து கடைத்தெருவுக்குள் நுழைந்தார். நெற்றியில் நாமம், கைப்பிடியில் கொடுவா.

“என்னா சார், பெருமாள் மாசத்துல?” என்று டீக்கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

“என் பொண்ணு புடிச்சது,” என்றார் அப்பா.

தையற்கடை வாசலில் மறுபடி நின்றார். “பொண்ணா? வெளையாடாதீங்க சார். மச்சினரு புடிச்சிருப்பாரு,” என்றார் தையற்காரர்.

“இல்ல. அவன் அங்க இல்லவே இல்ல.” கட்டுப் போட்ட என் கையை உயர்த்திக் காட்டினார். “பொண்ணுதான்.”

மளிகைக்கடையில் நின்றார். அரிசி மண்டியில் நின்றார். யாரும் கேட்காத இடத்தில்கூட நின்றார். வகுப்பு வகுப்பாக அழைத்துப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பிரம்பே மேல் என்று கெஞ்சலாமா என நினைத்தேன்.

கடைத்தெரு முடிந்தது. எங்கள் தெரு வலப்பக்கம்.

“கை வலிக்குதா?” என்றார்.

“இல்லப்பா.”

சைக்கிளை இடப்பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்திலும் கடைகள் இருந்தன. இன்னும் எத்தனை பேரிடம் சொல்லப் போகிறாரோ என்று அழுதுகொண்டே பின்னால் நடந்தேன்.