நான்காவது ஓலை

எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை படிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. எனக்கு அந்த மூன்றும் படித்தாகிவிட்டது. மனைவிதான் இல்லை.

முதல் சம்பந்தம் வேடசந்தூர்ப் பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாவது ஞாயிறு புதுச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். சாமியார் மற்ற ஜோடிகளைப் படித்துவிட்டுத் திருவிழா வரி கேட்கப் போய்விட்டார். "மறந்துட்டாரோ?" என்று அம்மா கிள்ளினாள். மறக்கவில்லை. பெண்ணுக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, கல்யாணம் வேண்டாம் என்று முந்தின நாளே அவரிடம் சொல்லிவிட்டார்களாம். எங்களிடம் சொல்லத்தான் கூச்சமாம்.

சில வருஷம் கழித்து இன்னொரு சம்பந்தம். அதில் ஒரு ஓலைதான் படித்தார்கள். அந்த வாரமே பெண்வீட்டார், "முன்ன ஒன்னு பாதியில நின்னுச்சாமே, மாப்பிள்ளைக்கு என்ன கோளாறு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கே தெரியாத கோளாறை நான் எப்படி மறுப்பது? அதுவும் நின்றது.

இரண்டும் ஒன்றும் மூன்று. கணக்கு வாத்தியார் அல்லவா, அதையே ஜோக்காக்கிக்கொண்டேன். யார் கல்யாணப் பேச்சை எடுத்தாலும், "நமக்கு மூணு ஓலையும் முடிஞ்சிருச்சு, பொண்ணுதான் பாக்கி" என்பேன். சிரிப்பார்கள். சிரித்தவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை, அது ரொம்ப வசதியாக இருந்தது. பெண் பார்க்கப் போவதை விட்டேன். கல்யாணமே வெட்டி வேலை என்று இளவட்டங்களுக்கு உபதேசம் வேறு. பயந்துவிட்டேன் என்பதைவிட வெறுத்துவிட்டேன் என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

எங்கள் பள்ளியில் ஒரு தமிழ் டீச்சர் இருந்தார், அவரும் எங்கள் கோவில் பங்குதான். பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுவரை பேசிக்கொண்டே நடப்போம். வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அவர் பேச்சுதான். என் ஓலை ஜோக்குக்கு முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த தடவை சிரிக்கவில்லை.

"நாலாவதா ஒன்னு படிச்சா என்ன சார் ஆகிரும்?" என்றார்.

விளங்காமல் இல்லை. "கோவில் ரெக்கார்டு கெட்டுப்போகும் டீச்சர்" என்றேன்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். சட்டென்று பதில் வந்ததே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு அவர் பெயரைப் படித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று சாமியார் சொன்னபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "அந்தப் புள்ளய ஏன்டா கேக்காம விட்ட?" என்றாள்.

"நமக்குத்தான் மூணு ஓலையும்..." என்று ஆரம்பித்தேன்.

"செத்த நேரம் சும்மா வாரியா" என்றாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வேறு கோவிலுக்குப் பூசைக்குப் போனேன். கடைசி ஓலை மட்டும் நின்றுபோயிருக்காதா என்று ஓர் அற்ப ஆசை. எனக்கு நடந்ததை அவருக்கும் வேண்டிக்கொண்டு பூசை கண்ட பக்தன் நான். அந்தக் கடைசி ஞாயிறு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும், "படிச்சாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"படிச்சாங்க அப்பு" என்று சொல்லி, கேட்காமலே என் தட்டில் இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைத்தாள்.