நான் எழுதிக் கொடுத்த பட்டியல்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. பழவேற்காடு பக்கத்தில் லைட்ஹவுஸ் குப்பத்தில் என் வீடு. கருவாடு போட்டு விற்பது தொழில். அதோடு எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் யாருக்குக் குரல் பெரிதோ அவர்களைத் தலைவி ஆக்கிவிடுவார்கள், அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய மழையில் அடித்த புயலில், ஏரி நடுவே ஒரு மேட்டில் குடிசை போட்டிருந்த சில குடும்பங்கள் எல்லாவற்றையும் இழந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன. புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். படகோ வலையோ இல்லாதவர்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற ஜனங்கள். பெரியவர்கள் விடிந்ததும் தண்ணீரில் இறங்கிவிட்டால் பிள்ளைகளைக் கேட்க ஆளில்லை. பழைய பள்ளிக்கூடம் எட்டாத தூரம். புதுப் பள்ளியில் சேர்க்கலாம் என்றால் காகிதமெல்லாம் தண்ணீரோடு போயிருந்தது.

எங்கள் ஊரில் கரைக்கு வரும் ஒவ்வொரு ஃபைபர் போட்டும் கோயில் கூடையில் ஒரு கை மீன் போடுவது வழக்கம். நாங்கள் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கூடையை வைத்தோம். பிள்ளைகள் கூடை. ஆம்பிளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். ஆனால் நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நின்றால், போடாமல் தாண்டிப் போக எவனுக்கும் தைரியம் வராது. அந்த மீனில் சாயங்காலம் குழம்பு வைத்துச் சோறு போட்டு, புயல் கட்டடத்து வராண்டாவில் டியூஷன் நடத்தினோம். குழம்பு வாசனைக்கு வந்த பிள்ளைகள் மெல்ல எழுத்துக்கும் பழகின.

கார்த்திகையில் ஒரு மேடம் காரில் வந்தார். நோட்டு, பிஸ்கெட், பென்சில் பெட்டி எல்லாம் கொண்டுவந்தார். "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் அக்கா நாடே ஓடுது" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். எனக்கு அதுவரை யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஜரிகை தோளில் பட்டதும் என் புத்தி எங்கோ போய்விட்டது.

உதவி கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கே போய்ச் சேர வேண்டும், அதனால் ஒரு பட்டியல் வேண்டும் என்றார். யாருக்கு அப்பா இல்லை, யார் படிப்பை நிறுத்தியவர்கள், யாருக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, யார் வீட்டில் தட்டிக்கேட்க ஆளில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். செல்லில் பிடித்த போட்டோக்களைக் கழுவி ஒட்டினேன். அடியில் கையெழுத்துப் போட்டு, குழுவின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினேன். அது மட்டுமா? மேடத்தைக் கூட்டிக்கொண்டு தார்ப்பாய் தார்ப்பாயாகப் போய், "நம்ம ஆளுதான், நம்பலாம்" என்று நானே சொன்னேன். மேடம் பெண் பிள்ளைகளின் கையை வாங்கித் தடவிப் பார்த்து, "இறால் வேகமா உரிப்பியாம்மா?" என்று கேட்டார். பாசமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தைய அந்த வாரம், காலை ஒன்பது மணி இருக்கும். கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். தார்ப்பாய் வீட்டில் இருக்கும் ஒருத்தி ஈரப் புடவையோடு வந்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினான்கு, சின்னவளுக்குப் பன்னிரண்டு. கையில் நாலு நல்ல நண்டு, நார் போட்டுக் கட்டியது. என் முன்னால் வைத்தாள்.

"இந்தா அக்கா, உனக்குத்தான். மேடம் காத்தால கார்ல வந்து ரெண்டு பொண்ணையும் இட்டுனு போச்சி. மெட்ராஸ்ல ஆஸ்டல்ல போட்டுப் படிக்க வெக்கிறாங்களாம். எல்லாம் நீ எழுதிக் குடுத்ததாலதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன். போய்ச் சேருகிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது, மற்ற பிள்ளைகள் ஏங்கும் என்று மேடம் சொன்னாராம். தண்ணீருக்குத் தப்பியிருந்த ஆதார் அட்டைகளையும் வாங்கிக்கொண்டாராம். மேடம் நம்பரைப் போட்டேன், அணைத்து வைத்திருந்தது. பள்ளி வருஷம் முடியப் போகிற பொங்கல் நேரத்தில் எந்த ஹாஸ்டலில் சேர்ப்பார்கள்? அப்போதுதான் மேடம் அந்தப் பிள்ளைகளின் கையைத் தடவிப் பார்த்தது ஞாபகம் வந்தது. படிக்க வைக்கிறவளுக்கு இறால் உரிக்கிற வேகம் எதற்கு?

அந்த நாலு நண்டும் கட்டுக்குள் கால் அசைத்துக்கொண்டிருந்தன. என்னை நம்பி நன்றி சொல்ல வந்தவளிடம், உன் பிள்ளைகளை நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

உட்கார்ந்து விளக்க நேரமும் இல்லை. தள்ளிப் போய் நின்று குழந்தைகளுக்கான அவசர உதவி எண்ணுக்கும் போலீசுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். அன்றைக்கு இறால் நன்றாக விழுகிற நேரம். கடலுக்குப் போன போட்டுகள் திரும்பியிருந்தன, ஏரிப் பக்கம் இறங்க மறுபடி வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் அங்கேயே நின்றிருந்தார். எனக்கு மாமா முறை. விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் தயங்கினார்.

"போலீஸ்லதான் சொல்லிட்டியேம்மா. அவங்க பாத்துப்பாங்க. நம்ம ஊரு புள்ளைங்ககூட இல்லியே அது."

எனக்கு வந்த கோபத்தில் கரையே அதிர்ந்திருக்கும். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரில் ஒரு ஆள் காணாமல் போனால், கிடைக்கிறவரை ஒரு வலையும் இறங்கக் கூடாது. எல்லாப் போட்டும் தேடத்தான் போக வேண்டும். காணாமல் போனவன் எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. ஆள் கிடைத்ததும் கோயில் மைக்கில் சொல்வார்கள், அதற்குப் பிறகுதான் தொழில்.

"மாமா, ஏரியில ஒரு ஆள காணோம்னா இன்னா பண்ணுவீங்க? வலை எறக்குவீங்களா? இந்தப் புள்ளைங்க ஏரியிலயே பொறந்ததுங்க. ரோட்ல காணாமப் போனா மட்டும் வேற கணக்கா? அந்த லிஸ்ட எழுதிக் குடுத்தவ நான். என் கையால, ஸ்டாம்பு குத்திக் குடுத்தேன். தப்பு என்னிது. என்ன நாளைக்கு இன்னா வேணாலும் பண்ணுங்க. இப்ப வலைய கரையில போட்டுட்டு வாங்க!"

பிள்ளைகளின் அம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு அப்போதுதான் முழுவதும் புரிந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "உன் பேச்ச நம்பித்தானே அக்கா அனுப்புனேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலில் அசைந்தது என் கொழுந்தன். கருவாடு காயப்போடும் இடத்துக்காக அவனும் நானும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அவன் ஏற்றிய வலையை அள்ளி மணலில் போட்டான். அடுத்த போட்டிலிருந்தும் வலை மணலுக்கு வந்தது, அதற்கடுத்ததிலிருந்தும். தலைவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மைக்க போடுங்கடா" என்றார். இரண்டு பேரைக் காணோம், வலை இறக்கக் கூடாது என்று என்னையே சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். பக்கத்துக் கோட்டைக்குப்பம் வரைக்கும் செய்தி போய், அங்கேயும் போட்டுகள் நின்றன.

கடலில் தேடுவது போலவே திசை பிரித்துக்கொண்டார்கள். பைக்கில் ஒரு கூட்டம் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும். மூன்று போட்டு ஏரிக்குக் குறுக்கே ஆரம்பாக்கம் பக்கம், அங்கே ரயிலும் ஹைவேயும் இருக்கிறது என்பதால். நானும் பிள்ளைகளின் அம்மாவும் கொழுந்தன் போட்டில் ஏறினோம். அதற்குள் எங்கள் குழுப் பெண்கள், கூடை தூக்கி ஊர் ஊராக மீன் விற்கிறவர்களுக்கெல்லாம் பிள்ளைகளின் போட்டோவை அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் ஒட்ட நான் பிடித்த அதே போட்டோதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மீன்காரி உட்காராத பஸ் ஸ்டாண்டு கிடையாது.

வாடைக் காற்று எதிரே அடித்தது. ஏரியில் பாதி தூரம் போயிருப்போம், போன் வந்தது. ஆரம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கருவாடு விற்கிற அக்கா.

"ரெண்டு பொண்ணும் கீதும்மா இங்க. புதுச் செருப்ப காலுல போடத் தெரியாம கையில புடிச்சினு உக்காந்துனு கீதுங்க. கூட ஒரு பொம்பள. மெட்ராஸ் போற பக்கம் இல்ல, சூளூர்பேட்ட போற பக்கம்."

ஹாஸ்டல் என்று சொன்ன மெட்ராஸ் தெற்கே, ஏறப்போகிற ரயில் வடக்கே, ஆந்திரா பக்கம். இன்னும் இருபது நிமிஷத்தில் வண்டி என்றாள். நாங்கள் கரை சேரவே அவ்வளவு ஆகும். எப்படியாவது நிறுத்தி வை அக்கா என்று கத்தினேன்.

அவள் நிறுத்தினாள். பக்கத்தில் மீன் விற்கிறவளின் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து, தடுக்கி விழுகிற மாதிரி, மீன் தண்ணீர் மொத்தத்தையும் மேடம் தலைமேல் ஊற்றிவிட்டாள். பிறகு ஊற்றினவளே மேடத்தின் புடவையைப் பிடித்துக்கொண்டு, நீதான் காலை நீட்டினாய் என்று ஊரைக் கூட்டிச் சண்டை போட்டாள். இந்த விஷயத்தில் எங்கள் பெண்களை யாரும் ஜெயிக்க முடியாது. வண்டி வந்து நின்று போயும் விட்டது. கூட்டம் விலகவில்லை.

நாங்கள் கரையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். சின்னவள் அம்மாவைப் பார்த்ததும் செருப்பைக் கீழே எறிந்துவிட்டு ஓடிவந்தாள். மூத்தவள் எழுந்திருக்கவே இல்லை, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

மேடம் அசரவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். பையிலிருந்து பட்டியலை எடுத்துப் போலீஸ்காரரிடம் நீட்டி, "இவங்களே எழுதிக் குடுத்து அனுப்பினதுதான் சார், ஸ்டாம்பு பாருங்க" என்றார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. குழுவின் பேர் கெடும், வழக்கு வரும், ஊர் சிரிக்கும். ஆனால் நானே பொய் சொன்னால், மேடம் சொல்வது பொய் என்பது எப்படி நிற்கும்?

"என் கையெழுத்துதான் சார். ஏமாந்து எழுதிட்டேன். ஆஸ்டல்னு சொல்லி இட்டுனு வந்தாங்க, நான் அனுப்பல. என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க, எந்தக் கோர்ட்டுக்கும் வந்து சொல்றேன்."

மேடத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அந்தப் பையைச் சோதித்தபோது இன்னும் மூன்று பட்டியல் கிடைத்தது. வேறு வேறு ஊர், வேறு வேறு கையெழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குழுவின் ஸ்டாம்பு. என்னைப் போலவே நல்லது செய்ய நினைத்த மூன்று முட்டாள்கள். அவர்களுக்கும் பொன்னாடை போர்த்தியிருப்பார் என்று நினைக்கிறேன். வெளி மாநிலத்தில் ஒரு இறால் உரிக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதுதான் வேலை என்று பிறகு தெரிந்தது. வெளியே விடாமல் பூட்டி வைத்து, ஐஸில் கை மரத்துப்போக உரிக்க வைப்பார்களாம்.

சாயங்காலம் நாங்கள் கரை இறங்கியதும் தலைவரே மைக்கில் சொன்னார்: "ஆளு கெடச்சாச்சி. வலை எறக்கலாம்." ஒரு நாள் இறால் போனதற்கு யாரும் என்னைக் குத்திக்காட்டவில்லை. கொழுந்தன் மறுநாளே காயப்போடும் இடத்துக்காகச் சண்டைக்கு வந்தான், அது வேறு கதை.

அந்தத் தாய் இரண்டு வாரம் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பவில்லை. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தினமும் குழம்பை நானே கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் சின்னவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு தானாக வந்தாள். வகுப்பு பிந்தினாலும் இப்போது இருவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். காகிதத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, என் குரலை அங்கேயும் காட்டித்தான் சேர்த்தோம். யார் உதவ வந்தாலும் இப்போது கூடையில் வைத்துவிட்டுப் போகலாம். பட்டியல் கிடையாது, போட்டோ கிடையாது, பிள்ளைகளோடு தனியாகப் பேச்சும் கிடையாது. அந்தப் பொன்னாடையைக் கிழித்துக் கரும்பலகை துடைக்க வைத்திருக்கிறோம். பட்டு சரியாகத் துடைக்காது, ஆனாலும் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்ற பட்டியல்களில் ஒன்றில், இரண்டு பெயர்களுக்கு நேரே முன்பே டிக் அடித்திருந்தது. அவர்கள் கார்த்திகையிலேயே போய்விட்டிருந்தார்கள். ஒருத்தியைச் சில மாதத்தில் போலீஸ் மீட்டுக் கொண்டுவந்தது. இன்னொருத்தியை அங்கிருந்து வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம், தகவல் இல்லை. அவள் எங்கள் ஊர்ப் பெண் இல்லை, அவளை நான் பார்த்ததும் இல்லை. அந்தப் பட்டியலிலிருந்து பிடித்த போட்டோ மட்டும் என் செல்லில் இருக்கிறது. கருவாடு ஏற்ற வெளிமாநிலத்திலிருந்து வரும் ஒவ்வொரு லாரிக்காரரிடமும் காட்டுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், என்ன ஆயிற்று என்று கேட்டு அவர்களை எரிச்சல்படுத்துகிறேன். ஊர் மறுநாளே கடலுக்குப் போய்விட்டது, போகத்தான் வேண்டும். ஆனால் ஆள் கிடைக்கிறவரை வலை இறக்கக் கூடாது என்று அன்றைக்கு மைக்கில் சொன்னவள் நான். அந்தப் பெண் கிடைத்துவிட்டாள் என்று அதே மைக்கில் என் வாயால் சொல்லும்வரை, என்னைப் பொறுத்தவரை தேடல் முடியவில்லை.