பத்து விரல் ரேகை

வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள் அவள். சீருடை தைக்க வந்த மருத்துவமனை ஊழியர், அங்கிருந்த அவள் கணவனைப் பார்த்து வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"சார், எங்க ஆஸ்பத்திரிக்கு டெஸ்டுக்கு வந்தப்ப உங்க பத்து விரல் ரேகையும் எடுத்தோமே! விந்தணு இல்லாத ஆம்பளைங்களுக்கு ரேகை அமைப்பு மாறியிருக்குமான்னு ஆராய்ச்சி பண்ணோமே, ஞாபகமிருக்கா?"

அவன் முகம் வெளிறியது.

மாமியார் மூச்சுக்கு முன்னூறு தடவை ‘மலடி’ என்றபோதெல்லாம் வாயே திறக்காதவன். கரு தங்குவதற்கென்று கசப்பு மருந்தை அவளுக்குத் தினமும் ஊற்றிக் கொடுத்ததும் இதே கைதான்.

ஊழியர் போனதும், "அம்மா தாங்க மாட்டாங்கன்னுதான்..." என்று இழுத்தான்.

"நான் மட்டும் தாங்கணுமா? குழந்தை இல்லாதது போகட்டுங்க. கூடவே இருந்து கழுத்தறுத்துட்டீங்களே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்: "அத்தை, இங்க வாங்க. உங்க பிள்ளை ஒண்ணு சொல்லணுமாம்."

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் நகரவில்லை.